பன்னிரண்டு வயசுப் பையனை மெட்ராஸ் அனுப்பலாமா? ஜெய்ஸ்வால் கதையை வச்சு வீட்டுல ஒரு வழக்கு

கல்லிடை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். கிரிக்கெட் தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க. என் மகனுக்குப் பன்னிரண்டு முடிஞ்சு பதிமூணு நடக்கு. இடது கை. பேட்டிங்ல முதல் ஆளா, ஓப்பனிங் இறங்குதான். போன மாசம் ஒரு கோச் வந்து பாத்துட்டு, "இவன் இங்க கிடந்தா வீணாப் போயிருவான், மெட்ராஸ்ல ஹாஸ்டலோட அகாடமி இருக்கு, சேத்துருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

வீட்டுக்காரர் அன்னையில இருந்து ஒரே பிடியா நிக்கார். "ஜெய்ஸ்வால் பத்து, பதினோரு வயசுல உத்தரப்பிரதேசத்துல இருந்து பம்பாய் வந்து, மைதானத்துக் கூடாரத்துல படுத்துக் கிடந்தான். பானிபூரி வித்தான். இன்னைக்கு இந்தியாவுக்கு ஓப்பனிங் இறங்குதான். நம்ம பிள்ளைக்கு ஹாஸ்டலே இருக்கு, என்ன குறை?"ங்கார்.

எனக்கு அந்தக் கதையக் கேட்டா வயித்தப் பிசையுது. ராத்திரி காய்ச்சல் அடிச்சா அந்தப் பிள்ளை நெத்தியத் தொட்டுப் பாக்க யாரு இருந்தாவன்னுதான் தோணுது. ஃபீஸ் பத்தி நான் கேக்கல. இந்த வயசுல ஊரை விட்டாத்தான் வருவானா? இங்கயே இருந்தா வரவே மாட்டானா? அதை மட்டும் சொல்லுங்க.

மேலப்பாளையம் ஓப்பனர்:
அக்கா, அண்ணன் சொல்லுததுதான் சரி. அனுப்பிருங்க.

ஓப்பனிங்ங்கது மத்த இடம் மாதிரி கிடையாது. புதுப் பந்து, ரெண்டு ஸ்லிப், ஒரு கல்லி, நமக்குன்னு ஒருத்தனும் இல்ல. அந்த இடத்துல நிக்க மனசு முதல்ல காயணும். ஜெய்ஸ்வாலுக்கு அது கூடாரத்துலயே காஞ்சிருச்சு. 2023 ஜூலையில டொமினிகாவுல முதல் டெஸ்ட். 21 வயசு. 387 பந்து நின்னு 171 அடிச்சான். அடுத்த வருஷம் இங்கிலாந்து இங்க வந்தப்ப ஒரே தொடர்ல 712 ரன். இந்திய ஆட்டக்காரங்கள்ல அவனுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் தொடர்ல 700 தாண்டினது கவாஸ்கர் மட்டும்தான். ராஜ்கோட்ல 104ல முதுகு பிடிச்சு உள்ள போனவன், மறுநாள் திரும்ப வந்து ஆண்டர்சனை அடுத்தடுத்து மூணு சிக்ஸ் அடிச்சு 214ல நாட் அவுட்டா நின்னான். வீட்டுச் சோறும் அம்மா மடியுமா வளந்த பையனுக்கு அந்த வெறி வராதுக்கா. நாத்து நாத்தங்கால்லயே நின்னா கதிர் பிடிக்காது. பிடுங்கித்தான் நடணும்.

சங்கர்நகர் ஸ்கோரர்:
தம்பி, நாத்தப் பிடுங்குததுக்கு முன்னாடி வயல்ல தண்ணி கட்டித் தொளி அடிச்சிருக்கான்னு பாக்கணும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல மாவட்ட மேட்ச்சுக்கு ஸ்கோர் எழுதுதேன். ஆடினதுன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல, எழுதினதுதான். அதனால வேற மாதிரிதான் எனக்குப் படுது.

கூடாரத்துல படுத்தவன் ஜெய்ஸ்வால் ஒருத்தன் மட்டுமில்ல. பம்பாய் மைதானங்கள்ல அப்படி எத்தனையோ பிள்ளைகள் வந்து கிடந்துட்டுப் பேர் தெரியாமப் போயிருக்கும். இவனைத் தூக்கி விட்டது எதுன்னு பாக்கணும்லா. ஆசாத் மைதானத்துல மட்டும் 22 பிட்ச். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைல்ஸ் ஷீல்டு, ஹாரிஸ் ஷீல்டுன்னு போட்டிகள். மழைக் காலத்துலகூட விடாம, ஈரத் தரையில காங்கா லீக், அது 1948ல இருந்து நடக்கு. ஒரு பையன் நல்லா அடிச்சா மறுநாள் பேப்பர்ல பேர் வரும். 2015ல இதே ஜெய்ஸ்வால் கைல்ஸ் ஷீல்டு மேட்ச்ல 319 நாட் அவுட், அதே மேட்ச்ல 13 விக்கெட். அதை எழுத ஒரு ஸ்கோரர் இருந்தான், படிக்க ஊரே இருந்தது.

கூடாரத்துலயும் கடைசி வரைக்கும் கிடக்கல. 2013 கடைசியில ஜ்வாலா சிங்னு ஒரு கோச் கண்ணுல பட்டான். அவரும் கோரக்பூர்ல இருந்து வந்து கஷ்டப்பட்டவர். பையனைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டார். சோறு போட்டது, பள்ளிக்கூடத்துல சேத்தது, மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனது எல்லாம் அவர்தான். பானிபூரிக் கதைய ஊதிப் பெருசாக்கிட்டாவன்னு அந்த ஜ்வாலா சிங்கே வருத்தப்பட்டிருக்கார். தாயி, ஒங்க வீட்டுக்காரர்கிட்ட இதச் சொல்லும். அந்தப் பையன் ஏறினது வீட்டை விட்டதால இல்ல, இன்னொரு வீடு கிடைச்சதால.

மேலப்பாளையம் ஓப்பனர்:
அண்ணாச்சி, 22 பிட்ச் இருந்தா எல்லாரும் ஜெய்ஸ்வால் ஆயிரணும்லா? பிருத்வி ஷாவும் அதே ஆசாத் மைதானத்துப் பையன்தான். 2013ல ஹாரிஸ் ஷீல்டுல 546 அடிச்சான். 2018ல முதல் டெஸ்ட்லயே 134. அதுக்குப் பொறவு? 2020 அடிலெய்டுக்கு அப்புறம் டெஸ்ட் ஆடல. 2025 ஐ.பி.எல். ஏலத்துல கேக்க ஆளில்ல. மைதானம் ஒண்ணு, நகரம் ஒண்ணு, லீக்கும் ஒண்ணு. அப்ப வித்தியாசம் எங்க இருக்கு? உள்ளதான இருக்கு!

ரெண்டு பேரும் மும்பைக்குச் சேந்து ஓப்பனிங் இறங்கின ஒரு மேட்ச் சொல்லுதேன். 2022 ஜூன், ரஞ்சி அரையிறுதி, உத்தரப்பிரதேசத்தோட. ரெண்டாவது இன்னிங்ஸ்ல முதல் விக்கெட்டுக்கு 66 ரன். அதுல 64 ஷா. ஜெய்ஸ்வால் கணக்குல ஒண்ணுமில்ல. மொதல் ரன் எடுக்கவே 54 பந்து ஆச்சு. அந்த ரன் எடுத்ததும் மும்பை டிரெஸ்ஸிங் ரூம் எழுந்து கை தட்டினாவ. கடைசியில எத்தனைன்னு நினைக்கீக? 181. முதல் இன்னிங்ஸ்லயும் நூறு. எதிர்ப்பக்கம் ஒருத்தன் அடி வெளுத்துட்டு இருக்கையில, 54 பந்து சும்மா நிக்கத் தெம்பு எங்க இருந்து வந்தது? வெறுங்கையோட இருந்து பழக்கப்பட்டவனுக்குத்தான் அது வரும்.

டவுன் பையன்:
54 பந்து விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே, சிலிர்த்துருச்சு.

ஆனா சாய் சுதர்சனை எங்க வைப்பீங்க? அவரும் இடது கைதான். ஐ.பி.எல்.ல ஓப்பனிங். அப்பா இந்தியாவுக்காக ஓட்டப் பந்தயத்துல ஓடினவர், அம்மா வாலிபால் ஆடினவங்க. கூடாரம் கிடையாது, பட்டினி கிடையாது. 2023 ஃபைனல்ல சி.எஸ்.கே.வை எதிர்த்து 47 பந்துல 96. 2025ல 759 ரன், அதிக ரன்னுக்கான ஆரஞ்சு தொப்பி. அந்த ஜூன்லயே லீட்ஸ்ல டெஸ்ட். முதல் இன்னிங்ஸ்ல ரன்னே இல்லாம டக், மான்செஸ்டர்ல 61. வெறி வீட்டுச் சோறு தின்னாலும் வருது.

பொறவு வைபவ் சூர்யவன்ஷி. பீகார்ல சமஸ்திபூர் மாவட்டம். 14 வயசுல ஐ.பி.எல். நூறு, 35 பந்துல. கூட ஆடி மறுமுனையில நின்னு பாத்தது ஜெய்ஸ்வால்தான். அந்தப் பையன் ஹாஸ்டல்ல வளரல. அப்பாதான் பாட்னாவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வருவார்.

மேலப்பாளையம் ஓப்பனர்:
தம்பி, சாய் சுதர்சனுக்குச் சொந்த ஊரே மெட்ராஸ். வீட்டுல இருந்து பஸ் ஏறினா லீக் மேட்ச். நம்ம ஊருப் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவுல 650 கிலோமீட்டர் இருக்கு.

பாளை பி.டி. டீச்சர்:
அந்த 650 கிலோமீட்டரைப் பத்தித்தான் நானும் பேசணும். கோவில்பட்டியப் பாருங்க. ஹாக்கி. 1986 வரைக்கும் அது நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான். அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு ஹாக்கி ஸ்டிக் இருக்கும். செயற்கைத் தரையும் விளையாட்டு விடுதியும் ஊருக்கே வந்தது. 2022ல மாரீஸ்வரன் சக்திவேல் அங்க இருந்து இந்திய அணிக்குப் போய் ஆசியக் கோப்பையில ஆடினான். அந்தப் பிள்ளை கிளம்பி ஓடணும்னு யாரும் சொல்லல. தரை அவனைத் தேடி வந்தது.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். ஷஃபாலி வர்மா சின்னதுல பையன் மாதிரி முடி வெட்டிக்கிட்டுப் போனாத்தான் ரோத்தக்ல ஆட விட்டாங்க. 15 வயசுல இந்தியாவுக்கு இறங்கி, 2024ல நம்ம சேப்பாக்கத்துலயே 205 அடிச்சுட்டுப் போனா. 2025 உலகக் கோப்பைக்கு முதல்ல பேரே இல்ல. ஓப்பனர் பிரதிகா ராவல் காலுக்கு அடிபட்டதும் கூப்பிட்டாங்க. ஃபைனல்ல 87 ரன், ரெண்டு விக்கெட், ஆட்ட நாயகி. எங்க பள்ளிக்கூடத்துல அந்த மறுநாள் காலையில பதினோரு பிள்ளைங்க வந்து "மிஸ், எங்களுக்கு எப்ப பேட் தருவீங்க?"ன்னு கேட்டாங்க. இருந்தது ரெண்டு பேட். ஒண்ணுல கைப்பிடி ரப்பர் கழண்டு போயிருக்கு. இந்தப் பதினோரு பேரையும் எந்த ரயில்ல ஏத்தச் சொல்லுதீங்க?

மேலப்பாளையம் ஓப்பனர்:
டீச்சர், ஒங்க ஆதங்கம் நியாயம். அந்தப் பிள்ளைகளுக்குத் தரை வரணும். ஆனா தரை வாரதுக்குள்ள இந்த அக்கா மகனுக்கு மீசை முளைச்சிரும். அதுதான் என் பயம். சொல்லாம இருக்கணும்னு பாத்தேன், சொல்லிருதேன்.

நான் பதினெட்டு வயசுல போனேன். காலேஜ் முதல் வருஷம். நெல்லை எக்ஸ்பிரஸ்ல அன்ரிசர்வ்டு, கிட் பேக் மேலயே உக்காந்து போனேன். ஒரு கிளப்புல கீழ் டிவிஷன்ல இடம் கொடுத்தாவ. இங்க நான் ஆடினது பூரா மேட்டிங். கயிறு மேட்ல பந்து குத்தினா ஒரே அளவா இடுப்புக்கு வரும். பின்கால்ல போய் நின்னா எல்லாத்தையும் வெட்டலாம், தட்டலாம். மாவட்டத்துல நான் நல்லா ஓடினது அந்தப் பின்கால்ல. அங்க டர்ஃப், புல் வளத்து உருட்டின மண் பிட்ச். முதல் மேட்ச், நாலாவது பந்து. அதே லெங்த். அதே மாதிரி பின்கால் போனேன். பந்து எழும்பல. முழங்காலுக்குக் கீழ வந்து கால்ல கட்டின பேட்ல அடிச்சது. எல்.பி.டபிள்யூ. அவுட். அஞ்சு மேட்ச் ஆடினேன், மூணுல எல்.பி. கால் முன்னாடி போகணும்னு மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. ஆறாவது மேட்ச்சுக்கு என் பேர் இல்ல. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. போர்டுல ஒட்டியிருந்த பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பன்னிரண்டு வயசுல போயிருந்தா என் கால் கத்துக்கிட்டிருக்கும். அதுக்குத்தான் சொல்லுதேன்.

சங்கர்நகர் ஸ்கோரர்:
தம்பி, நெசமாச் சொல்லுதேன், படிச்சுட்டு ஒரு நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஒன்ன மாதிரிப் போய்த் திரும்புன பிள்ளைகள் பேரு என் புஸ்தகத்துல நிறைய இருக்கு. திரும்பி வந்தப் பொறவு அவங்க பேட்டைத் தொடுததே இல்ல. ஆபீஸ் டீமுக்குக்கூட வர மாட்டாவ.

ஒண்ணு சொல்லுதேன், ஒன் மேல குத்தமா எடுத்துக்கிடாத. நீ வெறியில்லாமத் தோத்துட்டு வந்தியா? கிட் பேக் மேல உக்காந்து போனவனுக்கு வெறி இல்லன்னு யாரு சொல்லுவா? ஒனக்குக் கிடைக்காதது அஞ்சாவது மேட்ச்சுக்கு அப்புறம் அடுத்த அஞ்சு மேட்ச். ஜெய்ஸ்வாலுக்குக் கிடைச்சது அதுதான். 2024 பெர்த்ல முதல் இன்னிங்ஸ் டக். ரெண்டாவது இன்னிங்ஸ்னு ஒண்ணு இருந்தது, 297 பந்து நின்னு 161. சின்ன வயசுல இருந்தே அவனுக்கு ரெண்டாவது இன்னிங்ஸ் உண்டு. திட்டு வாங்கினான்னா அதுலயும் திரும்பி வர இடம் இருந்தது. 2022ல கோயம்புத்தூர்ல, மண்டல அணிகள் மோதுத துலீப் டிராபி ஃபைனல். எதிரணி பேட்ஸ்மேன்கிட்ட வாய விட்டான்னு அவன் கேப்டன் ரஹானேவே அவனை மைதானத்தை விட்டு வெளிய அனுப்பினார். அந்த மேட்ச்ல அவன் அடிச்சது 265. ஆட்ட நாயகன். கேப்டன் கண்டிச்சதும் நம்ம தமிழ்நாட்டு மண்ணுலதான், ஆட்ட நாயகன் ஆனதும் அங்கதான்.

தாயி, ஒங்களுக்கு ஒரே ஒரு கேள்வி தாரேன். அந்த அகாடமிக்குப் போன் போட்டுக் கேளுங்க. வருஷத்துக்கு எத்தனை மேட்ச்? அதுல என் மகனுக்கு எத்தனை இன்னிங்ஸ்? டக் அடிச்சா அடுத்த ஞாயித்துக்கிழமை இறக்குவீங்களா? வேற ஒண்ணும் கேக்க வேண்டாம்.

கல்லிடை அம்மா:
அண்ணாச்சி, நேத்தே போன் போட்டேன். வீட்டுக்காரரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினேன்.

காலையில நெட்ஸ், சாயங்காலம் நெட்ஸ், பௌலிங் மெஷின், வீடியோ, ஜிம், டயட் எல்லாம் மளமளன்னு சொன்னார். மேட்ச் எத்தனைன்னு கேட்டேன். "அது பையன் டெவலப் ஆகுறதப் பொறுத்து"ன்னார். போன வருஷம் இதே வயசுப் பையன் ஒருத்தன் எத்தனை இன்னிங்ஸ் ஆடினான்னு சொல்லுங்கன்னேன். பாத்துச் சொல்லுதேன்னார். இன்னும் சொல்லல. வீட்டுக்காரர் போனை வச்சதும் ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போய் வாய்க்கால் பக்கம் நின்னுட்டு வந்தார். ராத்திரி சாப்பிடும்போது, "மெஷின் போடுத பந்துல அவுட் ஆனா யாருக்கும் கோவம் வராதுலா"ன்னார். அதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கல.

மேலப்பாளையம் தம்பி, ஒங்க எல்.பி. கதைய அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். மேட்ல ஆடிப் பழகினா கால் கெட்டுரும்ங்கது உண்மையா? என் மகனும் மேட்லதான் ஆடுதான். இப்ப அந்தப் பயம் வேற வந்துட்டு.

மேலப்பாளையம் ஓப்பனர்:
உண்மைதான் அக்கா. ஆனா சரி பண்ணலாம். என் காலத்துல யாரும் சொல்லல, அவ்வளவுதான். த்ரோ டவுன், அதான் கையால எறிஞ்சு பழக்குதது, அதப் போடும்போது பாதிப் பந்தைக் குட்டையா இல்லாம, காலடியில விழுத மாதிரிப் போடச் சொல்லணும். மேட் விரிப்புக்கு அடியில தரை மேடு பள்ளமா இருந்தாலும் பரவாயில்ல, சிமெண்ட் பிட்ச்ல நனைஞ்ச டென்னிஸ் பந்தைப் போட்டாலும் சரி, வழுக்கிட்டுத் தாழ வரும். முன்கால் தன்னால நீளும். மாசத்துல ரெண்டு தடவையாவது டர்ஃப்ல நிக்க வைக்கணும். ஜெய்ஸ்வாலே இந்தியாவுக்கு வாரதுக்கு முன்னாடி, நாக்பூர் பக்கம் தலேகான்ல ராஜஸ்தான் ராயல்ஸ் ஆளுங்களோட உக்காந்து ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடிச்சுப் பழகினவன்தான்.

ஆனா நான் என் பேச்சை மாத்தல அண்ணாச்சி. அந்த அகாடமி வேண்டாம், ஒத்துக்கிடுதேன். மெட்ராஸ் வேண்டாம்னு ஒத்துக்கிட மாட்டேன். பதினஞ்சு வயசுக்குள்ள அவன் அங்க லீக்ல ஆடியாகணும். 16 வயசுக்குக் கீழ விஜய் மெர்ச்சன்ட் டிராபிக்கு எடுக்கும்போது, பாத்துப் பழகின பையனைத்தான் செலக்டருக்கு ஞாபகம் வரும்.

சங்கர்நகர் ஸ்கோரர்:
அதுல நான் முழுசா மறுக்கல. ஆனா நம்ம சங்கர்நகர் கிரவுண்ட்ல டர்ஃப் இருக்கு. 2016ல தமிழ்நாட்டு டி20 லீக், டி.என்.பி.எல். ஆரம்பிச்ச வருஷமே இங்க மேட்ச் நடந்தது. 2023 ஃபைனலே இங்கதான், நெல்லையும் கோவையும். நம்ம பையங்க தோத்தாலும், அந்த வருஷம் டி.என்.பி.எல்.ல அதிக ரன் நெல்லைக்கு ஆடின அஜிதேஷ்தான். கேலரியில கூட்டம் பொங்கிச்சு. டி.வி.யில பாத்த அதே பச்சைத் தரை. மேட்ச் முடிஞ்சதும் அந்தத் தரையில நம்ம பிள்ளைகளுக்கு வாரத்துல ஒரு நாள் கொடுத்தாலே பாதிப் பேரு ரயில் ஏற வேண்டியதில்ல. இத நான் எங்க போனாலும் சொல்லுவேன், வாய் வலிக்கிற வரைக்கும் சொல்லுவேன்.

பாளை பி.டி. டீச்சர்:
சொல்லும்போது அந்தப் பதினோரு பிள்ளைங்களையும் சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சி.

சங்கர்நகர் ஸ்கோரர்:
சொல்லுதேன் டீச்சர். ரெண்டு பழைய பேட் என் வீட்டுல கிடக்கு, எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை கொண்டாந்து தாரேன்.

கல்லிடை அம்மா:
இப்போதைக்கு நாங்க எடுத்த முடிவு இது. இந்த வருஷம் எங்கயும் அனுப்பல. மாவட்டத் தேர்வுக்குப் போவான். கோடை லீவுல தாம்பரத்துல அவன் சித்தி வீட்டுல ஒரு மாசம் தங்கி, டர்ஃப்ல ஆடுத இடமாப் பாத்துச் சேக்கதா இருக்கோம். நானும் கூடப் போறேன். பதினஞ்சு வயசுல மறுபடி பேசுவோம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். "அப்பவும் நீ அழுவே"ன்னார். அழுவேன்தான்.

மகன்கிட்ட 54 பந்து கதையச் சொன்னேன். "அவ்வளவு நேரம் அடிக்காம நின்னா எங்க டீம்ல திட்டுவாங்கம்மா"ன்னான்.

மேலப்பாளையம் ஓப்பனர்:
திட்ட மாட்டேன்னு சொல்லுங்க அக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. பத்து வருஷமாச்சு நான் பந்தெடுத்து. த்ரோ டவுன் நான் போடுதேன். எங்க வரணும் அண்ணாச்சி?

சங்கர்நகர் ஸ்கோரர்:
பாளையில வ.உ.சி. மைதானத்து வாசல்ல நில்லுங்க, ஆறு மணிக்கு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன், எங்க பையங்க ஆடுத இடம் பக்கத்துலதான். ஆடிக் காத்து இப்பவே எடுத்துருச்சு, ஏழு மணிக்கு மேல மேட்டோட ஓரம் தூக்கும், அதனால முன்னாடியே வந்தா நாலு பேராச் சேந்து ஆணி அடிச்சிரலாம். பையன் ஸ்பைக்ஸ் போட்டுட்டு வர வேண்டாம், மேட் கிழிஞ்சிரும். ரப்பர் ஷூ போதும்.